சுவர் இருந்தால்தான் சித்திரம்

(காரைக்குடியில் நடந்த மூன்று நாள் கராத்தே பயிற்சி முகாமின் நிறைவு நாளில் பேசியது, எழுத்து வடிவில்)

அனைவருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே! கல்யாண மண்டபத்தை மூன்று நாளும் வாடகை வாங்காமல் தந்து, காலைக் கஞ்சிக்கு அரிசியும் கொடுத்தனுப்பிய பெரிய ஆச்சி அவர்களே! வெயில் என்றும் பாராமல் தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று ஊர் ஊராகப் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் மாஸ்டர்களே! சிலம்பத்துக்கும் கராத்தேக்கும் பேதம் பார்க்காமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் சிலம்ப ஆசான் ஐயா அவர்களே! விடியற்காலை ஐந்து மணிக்கே விளக்குப் போட்டு, தரை கூட்டி வைத்த மண்டபக் காவலர் அண்ணன் அவர்களே! வெள்ளைச் சீருடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே! உங்கள் எல்லோருக்கும் முதலில் நன்றி. பொன்னாடை போர்த்த வந்த அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அதை ஆச்சிக்கும் காவலர் அண்ணனுக்கும் போர்த்தினால் இந்த முகாமுக்கே போர்த்தியது போல.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, முகாமை எப்படி நடத்துவது. இரண்டு, போட்டியை எப்படி நடத்துவது. மூன்று, நடுவர்களை எப்படி உருவாக்குவது. மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி உண்டு: சுவர் இருந்தால்தான் சித்திரம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, பூச்சின்மேல் பூச்சாகப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்த சுவர்கள் நம்முடையவை. தொட்டால் பட்டுப் போல இருக்கும். கொத்தனார் அவசரப்பட்டால் அது வராது. ஒரு பூச்சு பதமாக வந்த பிறகுதான் அடுத்த பூச்சு.

பிள்ளையின் உடம்பும் அப்படித்தான். முகாம் என்றால் மூன்று நாளில் மூன்று மாதப் பாடத்தைத் திணிப்பது என்று சில இடங்களில் நினைக்கிறார்கள். ஜப்பானியர் இதற்கு வைத்திருக்கும் ‘கஷ்ஷுக்கு’ என்ற சொல்லுக்குச் சேர்ந்து தங்குவது என்றுதான் பொருள். சேர்ந்து தங்கி, சேர்ந்து உண்டு, தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வதற்கு முகாம். புதிய கட்டா, அதாவது வரிசையாகக் கோத்த அசைவுத் தொடர், மூன்று சொல்லிக்கொடுத்தேன் என்று எந்த மாஸ்டராவது பெருமையாகச் சொன்னால், அந்தப் பிள்ளைகளின் முதல் கட்டாவை நான் பார்க்க ஆசைப்படுவேன். முதல் கட்டாவான ஹெயான் ஷோடனில் 21 அசைவுகள். அதைப் பத்துத் தடவை செய்தால் 210. பதினொன்றாவது தடவையில்தான் பின்கால் குதிகால் தரையை விட்டு எழும்புவது கண்ணுக்குத் தெரியும். அதைத் திருத்தத்தான் முகாம்.

நம் ஊர் வெயிலுக்கு நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காலை ஐந்தரை முதல் ஏழரை வரை அடிப்படை. கஞ்சி குடித்து ஓய்வு. பத்து மணிக்கு மேல் நிழலில் கட்டா, அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மாலை ஐந்துக்கு மேல் குமித்தே, அதாவது இருவர் எதிரெதிரே நின்று மோதும் பயிற்சி. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோரும் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுத்தவன் குடிக்கட்டும் என்று விட்டால், மாஸ்டருக்குப் பயந்து கடைசி வரிசைப் பிள்ளை குடிக்காது. மயங்கி விழுவதும் அந்தப் பிள்ளைதான். நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொடுங்கள். நம் பாட்டிமார் சொன்ன மருந்து அதுதான். சின்னப் பிள்ளைகளை முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுக்கச் சொல்லாதீர்கள். வளரும் எலும்பு அது.

இப்போது காலடிக்கு வருகிறேன். ஹெயான் ஷோடனில் நேராகப் போய் மூன்று மேல்தடுப்பு முடித்ததும் ஒரு திருப்பம் வருகிறது. கால்வட்டமோ அரைவட்டமோ அல்ல, முக்கால் வட்டம். திரும்பி வந்து மூன்று குத்து முடித்ததும் இன்னொரு முக்கால் வட்டம். உடம்பின் பாரம் முழுவதும் ஒரு பாதத்தின் முன்பகுதியில் நின்று சுழல்கிறது. சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் இதைச் செய்தால் இரண்டாம் நாள் பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்து தொங்கும். பாதம் வலிக்கிற பிள்ளை பாதத்தைச் சுழற்றாமல் இடுப்பை மட்டும் திருப்பும். இடுப்பு போகிறது, பாதம் நிற்கிறது, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். மாதக்கணக்கில் முழங்கால் வலி என்று சொல்லும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் அது பழகும் தரையைப் போய்ப் பாருங்கள்.

தரையின் அருமையை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். குஸ்திக் கோதாவில் செம்மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கிய பிறகுதான் இறங்குவார்கள். சிலம்பம் மண்தரையில் வளர்ந்த கலை, இது ஆசான் ஐயாவுக்குத் தெரியும். வாடிவாசலுக்கு முன்னால் இன்று தென்னை நார்க் கழிவைப் பரப்புகிறோம், மாடும் வீரரும் விழுந்தால் அடிபடக்கூடாது என்று. காளைக்கு நார் பரப்பத் தெரிந்த நமக்கு, எட்டு வயதுப் பிள்ளை விழும் இடத்தில் ஒன்றும் பரப்பத் தோன்றவில்லையே! சுவர் இருந்தால்தான் சித்திரம்.

பிள்ளைகளுக்காக ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை. கராத்தேயை ஒகினாவா தீவிலிருந்து 1922-இல் டோக்கியோவுக்குக் கொண்டுபோனவர் கிச்சின் ஃபுனகோஷி. 1868-இல் ஷுரி நகரில் பிறந்தவர். பிறக்கும்போதே நோஞ்சான், நீண்ட நாள் வாழாது என்று வீட்டார் கவலைப்பட்ட பிள்ளை. சுவரே இல்லாத பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பள்ளி ஆசிரியரானார். பகலில் பாடம், இரவில் ஆசான் வீட்டு முற்றத்தில் பயிற்சி. ஒரே கட்டாவை மாதக்கணக்கில் செய்யச் சொல்வாராம் ஆசான். மனம் நிறையும் வரை சரி என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாராம்.

ஒகினாவாவில் சூறாவளி அடிக்கடி வரும். நம் தஞ்சாவூர், நாகைக்காரர்களைக் கேளுங்கள், புயல் என்றால் என்ன என்று சொல்வார்கள். அப்படி ஒரு நாள். வானம் கறுத்து, காற்று ஊளையிட்டு, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கிறது. ஒரே ஓர் ஆள் மட்டும் வெளியே இருக்கிறார். எங்கே? ஓட்டு வீட்டுக் கூரை மேலே! மழையில் நனைந்து வழுக்கும் ஓடு. இடுப்பில் கோவணம் தவிர வேறு துணி இல்லை. இரண்டு கையிலும் ஒரு தத்தாமியைத் தூக்கிக் காற்றுக்கு எதிரே பிடித்திருக்கிறார். தத்தாமி என்றதும் நம் பத்தமடைப் பாயை நினைக்காதீர்கள், சுருட்டி அக்குளில் வைக்க முடியாது. வைக்கோலை அடுக்கி இறுக்கித் தைத்து மேலே கோரை போர்த்தியது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டங்குலக் கனம். கதவைக் கழற்றிப் பிடித்த மாதிரி. புயல் அதன்மேல் மோதுகிறது. அவர் குதிரை நிலையில், கிபா தாச்சியில், காலை அகட்டி ஊன்றி நிற்கிறார். மழைத்துளி கூழாங்கல் போல முகத்தில் அடிக்கிறது. உடம்பெல்லாம் சேறு. கூரையிலே ஏது சேறு? கீழே விழுந்திருக்கிறார்! விழுந்து, எழுந்து, மறுபடி கூரை ஏறி, மறுபடி பாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அந்த இளைஞர்தான் ஃபுனகோஷி.

கைதட்டுகிறீர்கள், நல்லது. ஆனால் அவர் எங்கே விழுந்தார் என்று கவனித்தீர்களா? சேற்றில் விழுந்தார். மழையில் ஊறிய மண்ணில் விழுந்தார். மெருகேற்றிய கருங்கல்லில் விழுந்திருந்தால் மறுபடி கூரை ஏறியிருக்க முடியுமா? 88 வயது வரை வாழ்ந்து கராத்தே சொல்லிக்கொடுத்திருக்க முடியுமா? கராத்தேக்காரன் விழுவான். விழுவதும் பாடம். எதன்மேல் விழுகிறான் என்பதைப் பெரியவர்கள் பார்க்க வேண்டும்.

போட்டிக்கு வருகிறேன். ஃபுனகோஷிக்குப் போட்டியில் விருப்பம் இருந்ததில்லை. அவர் மறைந்த 1957-ஆம் ஆண்டிலேயே ஜப்பான் கராத்தே சங்கம் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியது. போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பயத்தோடு நிற்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. நடத்துவதைக் கணக்கோடு நடத்த வேண்டும். தோற்றவர் வெளியேறும் முறையில், 64 பிள்ளைகள் ஒரு பிரிவில் என்றால் 63 ஆட்டம். ஆட்டத்துக்கு அழைப்பது, வணங்குவது, அறிவிப்பது எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு களம் ஓடும். இதைக் கூட்டிப் பார்க்காமல் பெயர்ச் சீட்டு வாங்கினால், காலை ஐந்து மணிக்கு இட்லி சாப்பிட்டு வந்த பிள்ளை இரவு எட்டு மணிக்கு இறுதி ஆட்டம் ஆடும். 22 பேர் வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் சரிபாதியாகக் குறைய 32 இடம் போட வேண்டும்; 32-இல் 22 போக, பத்துப் பேருக்கு முதல் சுற்றிலேயே ஆட்டமில்லாமல் அடுத்த சுற்று. அதை முதல் சுற்றிலேயே தீர்த்துவிட வேண்டும். இரண்டாம் சுற்றில் கொடுத்தால் சண்டை வரும், வருவதும் நியாயம். ஒரே கிளாஸ் பிள்ளைகள் இருவர் முதல் ஆட்டத்தில் மோதாதபடி சீட்டைப் பிரிக்க வேண்டும்.

பாரம்பரிய முறையில் ஒரு சுத்தமான அடி இப்போன், அதாவது முழுப் புள்ளி, ஆட்டம் முடிந்தது. வாசாரி என்ற அரைப் புள்ளி இரண்டு சேர்ந்தாலும் ஒரு இப்போன். காலை வாரி விழுத்தி உடனே குத்தினால் அதற்கும் மதிப்பு உண்டு. அழகான உத்தி. வாரப்பட்ட பிள்ளை பின்பக்கமாக விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டத் தெரியாவிட்டால் பின்மண்டைதான் முதலில் தரையைத் தொடும். கைக்கு உறை போட்டிருக்கிறோம், பல்லுக்குக் கவசம் போட்டிருக்கிறோம். பின்மண்டைக்கு இருப்பது தரை ஒன்றுதான்.

அப்படி விழுந்தால் கூட்டம் “எழுந்திருடா” என்று கத்தும். கத்தாதீர்கள். எழுந்து நின்றுவிட்டான் என்பதால் சரியாகிவிட்டான் என்று அர்த்தமில்லை. இது எந்த ஊர், இப்போது யாரோடு மோதினாய், யார் முன்னிலை என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் குழம்பினாலோ, பார்வை நிலைக்காமல் போனாலோ, கால் தள்ளாடினாலோ அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் இல்லை. இறுதிச் சுற்றாக இருந்தாலும் இல்லை, அப்பா வந்து கெஞ்சினாலும் இல்லை. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அசந்து தூங்குவது, வலிப்பு, இவற்றில் ஒன்று கண்டாலும் 108. கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், முகத்தில் சோடா அடிக்காதீர்கள். வைத்தியர் பார்த்துச் சம்மதித்த பிறகே கிளாஸுக்கு வர வேண்டும்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் தரை கல்யாணத்துக்குப் போட்டது, பந்திக்குப் போட்டது. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவுகள் கண்ணுக்கு எவ்வளவு அழகு! அவற்றில் குறை இல்லை. அவை குமித்தேக்குப் போட்டவை அல்ல, அவ்வளவுதான். எனவேதான் நான் போகும் மேடையெல்லாம் கேட்பதை இங்கும் கேட்கிறேன். செட்டிநாட்டுக்கு என்று பொதுவாக நூறு விரிப்பு வேண்டும்.

ஏன் நூறு? களம் எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர். சுற்றிலும் ஒரு மீட்டர் பாதுகாப்பு. ஆகப் பத்துக்குப் பத்து. பல்லோடு பல் கோக்கும் நுரை விரிப்பு ஒன்று ஒரு மீட்டர் சதுரம். களத்தின் விளிம்பை ஆடுபவன் கண்டுகொள்ள 28 விரிப்பு சிவப்பு, மீதி 72 நீலம். கனம் இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர். ஜூடோவுக்கு வாங்கும் நாலு சென்டிமீட்டர் விரிப்பு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதில் பாதம் புதையும், முக்கால் வட்டத்தில் சொன்னேனே, அதே முழங்கால் கதைதான் திரும்ப வரும். கையால் அழுத்தினால் அமுங்கி, எடுத்ததும் பள்ளம் எழும்ப வேண்டும்.

விரிக்கும் முன் தரையை ஈரத்துணியால் துடைத்து உலரவிட வேண்டும். அடியில் தூசி இருந்தால் வழுவழுப்பான கல்லில் விரிப்பு வழுக்கிப் போகும். விரித்த பிறகு கனமான ஒருவர் நடுவில் நின்று பலமாகக் காலை உதைத்துப் பார்க்கட்டும். நகர்ந்தால் நான்கு ஓரமும் டேப் ஒட்ட வேண்டும். இரண்டு விரிப்புக்கு நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதில் கால்விரல் மாட்டி ஒடியும். மத்தியானம் ஒரு முறை களத்தைச் சுற்றிவந்து இடைவெளி பார்க்க ஒருவரை நியமியுங்கள். கழுவி வெயிலில் காயப்போடவே கூடாது, நுரை சுருங்கி வளைந்துவிடும், அப்புறம் பல் கோக்காது. நிழலில் உலர்த்தி, பலகை மேல் படுக்கையாக அடுக்குங்கள். சாத்தி நிறுத்தினால் வளையும். பின்பக்கம் ஒன்று முதல் நூறு வரை எண் எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே விரிப்பு வரும், பல்லும் தேயாது. இரண்டு சென்டிமீட்டர் விரிப்பு ஐம்பதை அடுக்கினால் ஒரு மீட்டர் உயரம். இரண்டு அடுக்கு, ஒரு குட்டியானை வண்டியில் அடங்கிவிடும். இந்த வாரம் தேவகோட்டை, அடுத்த வாரம் கானாடுகாத்தான்.

நகரத்தார் ஊர்களில் கோயிலுக்குப் புள்ளிவரி கொடுத்துப் பழகியவர்கள் நீங்கள். ஒரு குடும்பம் ஒரு புள்ளி. கோயில்கள் அப்படித்தானே நின்றன, ஊருணிகள் அப்படித்தானே வெட்டப்பட்டன! புள்ளிக்கு ஒரு விரிப்பு. நூறு புள்ளி சேர்ந்தால் களம் தயார். ஒரு செல்வந்தரிடம் போய் நூறையும் வாங்கிவிடலாமே என்று கேட்பார்கள். வாங்கலாம். ஆனால் ஒருவர் தந்தால் அது அவர் களம். நூறு வீடு தந்தால் ஊர்க்களம். கிழிந்தால் நூறு வீடும் கேட்கும்.

நடுவர்களைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். நடுவில் ஒருவர், நான்கு மூலையில் கொடியோடு நால்வர், இவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது தனி வகுப்பு வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கிப் பேச வேண்டும், மாஸ்டர்கள் நாள் குறித்தால் வருகிறேன். விரிப்பு இல்லாத களத்தில் மிகச் சிறந்த நடுவரை நிறுத்தினாலும் அவரால் ஒரு தலையைத் தாங்க முடியாது. சுவர் இருந்தால்தான் சித்திரம்.

வாசலில் சீருடை போட்ட பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு கோடு போட்ட நோட்டோடு நிற்கிறார்கள். ஒன்று முதல் நூறு வரை எண் எழுதி வைத்திருக்கிறது. பெரிய ஆச்சி முதல் எண்ணில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். காவலர் அண்ணன், தானாகவே முன்வந்து, இரண்டாம் எண்ணில் போட்டிருக்கிறார். மூன்றாம் எண் காலியாக இருக்கிறது. நன்றி, வணக்கம்.