பெரில் புயலுக்காக 401(கே)யில் கை வைத்தவர்களே, அந்தப் பத்து சதவீத அபராதத்தை அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. பின்னால் தெரிகிற காகிதக் குவியலைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது என் வேலை மேசை. புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன், ஹூஸ்டனில் நம்மவர்களுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கொஞ்ச நாளாக ஒரே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வருகிறது. “அண்ணா, பெரில் புயலில் கூரை போய்விட்டது. வேலையிடத்து ஓய்வூதியக் கணக்கான 401(கே)யிலிருந்து பணம் எடுத்துத்தான் சரிசெய்தேன். இப்போது அமெரிக்க வரித்துறை ஐ.ஆர்.எஸ். பத்து சதவீதம் அபராதம் என்கிறது. மன்னித்துவிடச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா?”

கடிதம் வேண்டாம். கெஞ்சவும் வேண்டாம். இது யாரோ ஒரு அதிகாரி மனம் இரங்கித் தரும் சலுகை இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கேட்கும் முறை 8915-எஃப் என்ற ஒரு படிவம். வருடாந்திர வரிக்கணக்கோடு அதை இணைத்து அனுப்பவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அபராதம் எங்கிருந்து வருகிறது? ஐம்பத்தொன்பதரை வயது ஆவதற்குள் ஓய்வூதியக் கணக்கிலிருந்து பணம் எடுத்தால், வழக்கமான வருமான வரிக்கு மேல் இன்னொரு பத்து சதவீதம். முதுமைக்கு வைத்த பணத்தை நடுவில் தொடாதே என்று மிரட்டுவதற்காக வைத்த விதி. புயல் அடித்து வீட்டுக்குள் மழை கொட்டும்போது அந்த மிரட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கே தோன்றியிருக்கவேண்டும். 2005இல் கத்ரீனா புயல் வந்தபோது தனிச் சட்டம் போட்டு ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் இல்லாமல் எடுக்கவிட்டார்கள். 2017இல் நம் ஊரை ஹார்வி புயல் மூழ்கடித்தபோதும் அப்படியே. ஒவ்வொரு பேரிடருக்கும் வாஷிங்டனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவேண்டிய நிலை. 2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான செக்யூர் 2.0 சட்டம் அதை மாற்றி, 2021 ஜனவரி 26 முதல் நேர்ந்த பேரிடர்களுக்கு நிரந்தர விதி செய்தது. ஆனால் வரம்பை 22,000 டாலருக்குக் குறைத்துவிட்டது. ஹூஸ்டனில் ஒரு கூரையும் இரண்டு அறைச் சுவரும் மாற்ற என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் யாரும் இதைத் தாராளம் என்று சொல்லமாட்டார்கள். இருந்தாலும், 22,000 எடுத்தவருக்கு 2,200 மிச்சம். விட்டுவிட்டுப் போகிற தொகை இல்லை.

அந்த வரம்பு ஒரு பேரிடருக்கு, ஒரு நபருக்கு. கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால் ஆளுக்கு 22,000, ஆளுக்கு ஒரு படிவம். ஒரே நபர் இரண்டு 401(கே), ஒரு ஐஆர்ஏ (தனிநபராகத் திறக்கும் ஓய்வூதியக் கணக்கு) என்று மூன்று இடத்தில் எடுத்தாலும் எல்லாம் சேர்த்துத்தான் 22,000.

யாருக்குக் கிடைக்கும்? பேரிடர் நடந்த நாட்களில் உங்கள் முதன்மை வசிப்பிடம், அதாவது நீங்கள் வாழ்கிற வீடு, அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் இருந்திருக்கவேண்டும். வாடகை வீடும் சரிதான். வேலை மட்டும் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில், வீடு வெளியே என்றால் இந்தக் கதவு திறக்காது. அறிவிப்பு என்றால் ஜனாதிபதி செய்யும் ‘பெரும் பேரிடர்’ அறிவிப்பு. மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் இணையப் பக்கத்தில் அதற்கு ஒரு எண் இருக்கும். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன், தெரிகிறதா? டிஆர்-4798, டெக்சாஸ். இதுதான் பெரில். 2024 ஜூலை 8 அன்று மடகோர்டா அருகே கரை ஏறியது, மறுநாள் 9ஆம் தேதி அறிவிப்பு வந்தது. எண்ணுக்கு முன்னால் டிஆர் என்று இருக்கவேண்டும். இஎம் என்று இருந்தால் அது வெறும் அவசரநிலை அறிவிப்பு, இதற்குச் செல்லாது. அறிவிப்பில் உங்கள் கவுன்டியின் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பொருள் நஷ்டம். இங்கேதான் நம்மவர்கள் தேவையில்லாமல் தயங்குகிறார்கள். “வீடு இடியவில்லையே, எப்படிக் கேட்பது?” வீடு இடியவேண்டியதில்லை. காற்றில் வேலி பறந்தாலும் நஷ்டம்தான். பெரில் அடித்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது நினைவிருக்கும். ஜூலை வெயிலில் குழந்தையோடு வீட்டில் இருக்கமுடியாமல் ஓட்டலில் தங்கிய செலவும் நஷ்டம், வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டதும் நஷ்டம். எடுத்த தொகையும் நஷ்டத் தொகையும் டாலருக்கு டாலர் பொருந்தவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரசீதுகளையும் படங்களையும் மட்டும் பத்திரமாக வையுங்கள். படிவத்தோடு அனுப்பத் தேவையில்லை, பிறகு கேட்டால் காட்டுவதற்கு.

காலக்கெடு கறாரானது. பேரிடரின் முதல் நாள், அறிவிப்பு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 180 நாளுக்குள் பணம் எடுத்திருக்கவேண்டும். பெரிலுக்கு அது 2025 ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீக்கு 2025 ஜனவரி 8 அன்று அறிவிப்பு, ஆகவே அந்த ஆண்டு ஜூலை முதல் வாரம் வரை இருந்தது. இப்போது போய் எடுத்துவிட்டுப் பெரில் என்று எழுதமுடியாது. அன்று எடுத்தவர்களுக்குத்தான் இன்றைய பேச்சு.

சரி, எல்லோரையும் குழப்புகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் 401(கே)யை நடத்தும் திட்ட நிறுவனம் ஜனவரியில் அனுப்பிய 1099-ஆர் காகிதத்தை, அதாவது நீங்கள் எடுத்த தொகையைக் காட்டும் காகிதத்தை, எடுங்கள். அடையாளம் தெரியாத மாதிரிக் காகிதம் ஒன்று வைத்திருக்கிறேன், பாருங்கள். முதல் கட்டத்தில் 21,000. நான்காம் கட்டத்தில் 2,100. ஏழாம் கட்டத்தில் 1 என்ற எண். பார்த்தவுடனே பலர், “பத்து சதவீதம் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள், அபராதம் கட்டியாயிற்று” என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லவே இல்லை. நான்காம் கட்டத்தில் இருப்பது வருமான வரிக்கான முன்பிடித்தம். நம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதேபோல. அபராதமும் பத்து, பிடித்தமும் பத்து என்பது தற்செயலான ஒற்றுமை, ஆனால் எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது! திட்டம் இதைப் பேரிடர் தொகையாக நடத்தாமல் சாதாரணமாகக் கொடுத்திருந்தால் இருபது சதவீதம்கூடப் பிடித்திருக்கலாம். எப்படியானாலும் பிடித்தது உங்கள் பெயரில் வரவு, கணக்கு எழுதும்போது கழித்துக்கொள்ளலாம்.

ஏழாம் கட்டத்து 1தான் வம்பு. ‘முன்கூட்டியே எடுத்தது, விலக்கு எதுவும் எமக்குத் தெரியாது’ என்று அதற்குப் பொருள். ஐ.ஆர்.எஸ். கணினி அந்த 1ஐப் பார்த்ததும் அபராதத்தை எதிர்பார்க்கும். 8915-எஃப் இல்லாமல் கணக்குப் போனால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். திட்ட நிறுவனத்திடம் போய் 1ஐ மாற்றித் தரச்சொல்லிச் சண்டை போடாதீர்கள், அவர்கள் மாற்றவேண்டியதில்லை. உங்கள் நிறுவனத்தின் 401(கே) இந்தப் பேரிடர் வசதியை ஏற்றிருக்கவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. திட்டம் ஏதோ ஒரு வழியில் பணத்தைக் கொடுத்திருந்து, மற்ற நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினால், உங்கள் வரிக்கணக்கில் நீங்களே அதைப் பேரிடர் தொகையாகக் காட்டலாம்.

படிவத்தைத் திறந்தால் மேலே எந்த ஆண்டின் கணக்கு, எந்த ஆண்டின் பேரிடர் என்று இரண்டு ஆண்டுகளுக்கும் தனித்தனிக் கட்டம். பிறகு ஃபீமா எண். 401(கே)யில் எடுத்ததற்கு ஒரு பகுதி, ஐஆர்ஏவுக்கு ஒரு பகுதி. முன்பெல்லாம் 8915-ஏ, பி, சி என்று ஆண்டுக்கு ஒரு படிவம் விட்டார்கள். எஃப் வந்தபிறகு அந்தத் தலைவலி இல்லை.

இன்னொன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போவது அபராதம் மட்டும். வருமான வரி அப்படியே இருக்கிறது. ஆனால் அதை மூன்று ஆண்டுக்குப் பிரித்துப் போடலாம். பிரிப்பதுதான் இயல்பு, வேண்டாம் என்றால்தான் ஒரு கட்டத்தில் டிக் செய்யவேண்டும். மாதிரிக் காகிதத்தின் 21,000ஐ எடுத்துக்கொள்வோம். 2024இல் 7,000, 2025இல் 7,000, 2026இல் 7,000 வருமானமாகச் சேரும். 22 சதவீத வருமான வரி அடுக்கில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 1,540 டாலர். பணம் எடுத்த ஆண்டில் வேலை போய் வருமானம் குறைந்திருந்தால், மொத்தத்தையும் அதே ஆண்டில் காட்டுவதே லாபம், அப்போது டிக் செய்யுங்கள். ஆனால் தாக்கல் கெடு முடிந்தபிறகு அந்த முடிவை மாற்றமுடியாது. பிரித்தவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் 8915-எஃப் போட மறக்கக்கூடாது. புதிதாக 1099-ஆர் எதுவும் வராததால், வரித் தயாரிப்பாளரை மாற்றினால் இந்த 7,000 கண்ணிலேயே படாமல் போய்விடும். பழைய கணக்கின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள்.

காப்பீட்டுப் பணம் தாமதமாக வந்ததா? எடுத்ததை முழுதாகவோ பகுதியாகவோ திருப்பிப் போடலாம். பணம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம். 2024 அக்டோபரில் வாங்கியவருக்கு 2027 அக்டோபர் வரை. திருப்பிப் போட்ட பகுதிக்கு ஏற்கெனவே கட்டிய வரியை, அந்தந்த ஆண்டுக்கு 1040-எக்ஸ் திருத்தக் கணக்கு போட்டு மீட்கலாம். இந்த வசதியை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். வழக்கமான ஐஆர்ஏ பங்களிப்பாகப் போட்டுவிடாதீர்கள். பேரிடர் தொகையைத் திருப்பிச் செலுத்துகிறேன் என்று கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் சொல்லிப் போடுங்கள். இல்லையென்றால் ஆண்டு வரம்பைத் தாண்டியதாகக் கணக்கு ஏறி, அதற்கு வேறு ஒரு வரி வந்து நிற்கும்.

கலிஃபோர்னியாக்காரர்களே, உங்களுக்கு மாநிலத்தின் அபராதம் தனி. அதற்கு மாநிலப் படிவத்தைப் பார்க்கவேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை, அதுவரை நாம் தப்பித்தோம்.

புயலுக்காக வரிக்கெடுவைத் தள்ளிவைத்தார்களே, அதுவும் இதுவும் ஒன்றா என்றும் கேட்கிறார்கள். இல்லை. அது தாக்கல் செய்யும் நாளைத் தள்ளிவைப்பது, தாமத அபராதத்துக்கான நிவாரணம். 401(கே) பத்து சதவீதத்தை அது தொடாது.

கடைசியாக, ஏற்கெனவே அபராதத்தைக் கட்டிவிட்டவர்கள். அந்த ஆண்டுக்கு 1040-எக்ஸ் எழுதி, 8915-எஃப் இணைத்து, கட்டியதைத் திரும்பக் கேளுங்கள். பொதுவாகக் கணக்கைத் தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. நோட்டீஸ் வந்து இன்னும் கட்டாதவர்கள், அதில் ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டு, நிரப்பிய 8915-எஃப்பையும் ஃபீமா எண்ணையும் சேர்த்து, நோட்டீஸில் போட்டிருக்கும் தேதிக்குள் அனுப்புங்கள். தபாலில் போட்டால் சான்றஞ்சலில் போடுங்கள், பெற்றுக்கொண்டதற்கான ரசீதும் கேளுங்கள், அப்படித் திரும்பி வரும் பச்சை அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்.