ஒரு வால்வு மாத்த 11,080 ரூபாயா?

[காட்சி: மேஜை மேல கசங்கின சர்வீஸ் பில். விரல் வரி வரியா நகருது.]

இது போன மாசம் என் காருக்குக் கட்டின பில். தெர்மோஸ்டாட் ஹவுசிங் 2,900. கூலண்ட், அதாவது இன்ஜின் சூட்டை ஆத்துற திரவம், 1,600. ஹோஸ் பைப் ஒண்ணு 850. ஓ-ரிங், கிளிப் 240. லேபர் 3,800. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 11,080 ரூபா.

பில்லைப் பார்த்ததும் எங்கப்பா கேட்டாரு, "ஏண்டா, ஒரு வால்வு மாத்தவா இவ்ளோ?" அம்பாசடர் ஓட்டின ஆளு. அவர் கேக்குறது நியாயம்தான். அதனால இந்த பில்லையே பிரிச்சுப் பார்த்துடுவோம்.

[காட்சி: எண்ணூர் விரைவுச்சாலை. வரிசையா கன்டெய்னர் லாரிங்க.]

வண்டி ஹீட் ஆனது இங்கதான். துறைமுகத்துக்குப் போற லாரி வரிசைக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். மதியம் ரெண்டு மணி. வண்டி ஓடுறப்போ எதிர்க்காத்து ரேடியேட்டருக்குள்ள புகுந்து சூட்டை இழுத்துட்டுப் போயிடும். நின்ன வண்டிக்கு அந்தக் காத்து ஏது? ஃபேன் ஒண்ணுதான் கதி. பைபாஸ்ல மாசக்கணக்கா தெரியாத கோளாறு, நம்ம ஏரியா டிராஃபிக்ல பத்து நிமிஷத்துல வெளிய வந்துடும்.

சரி, தெர்மோஸ்டாட். அப்பா சொன்ன 'வால்வு' இதுதான். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல கூலண்ட் போற வழியில இருக்குற கதவு அது. உள்ள ஒரு சின்னக் குப்பி, குப்பிக்குள்ள மெழுகு. கூலண்ட் சூடு 80, 90 டிகிரிக்கு வந்தா மெழுகு உருகி உப்பும், ஒரு ஊசியைத் தள்ளும், கதவு திறக்கும். ஆறினா ஸ்பிரிங் மூடிடும். கரண்ட் வேணாம், கம்ப்யூட்டர் வேணாம். எனக்கு இந்த மெழுகு வித்தை ரொம்பப் பிடிக்கும்.

அப்பா காலத்துல அந்தக் கதவை மட்டும் கடையில தனியா வாங்கலாம். ரெண்டு மூணு போல்ட்டு, ஒரு பேக்கிங், முடிஞ்சுது. என் வண்டியில கதவு, அதைச் சுத்தி இருக்குற பிளாஸ்டிக் கூடு, சூடு பாக்குற சென்சார் எல்லாம் ஒரே பீஸு. பில்லுல 'ஹவுசிங்'னு போட்டிருக்கிறது அதுதான். எது போனாலும் மொத்தமா வாங்கணும். சில வண்டியில மெழுகுக்குப் பக்கத்துல ஹீட்டர் கம்பியும் வச்சிருப்பாங்க. கதவை எப்போ திறக்கணும்னு இன்ஜின் கம்ப்யூட்டர் முடிவு பண்ணும்.

ஏன் இவ்ளோ சிக்கல்? இன்ஜின் சீக்கிரம் சூடாகணும், அப்பதான் புகை குறையும், பெட்ரோல் மிச்சமாகும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6ங்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் இந்தக் கணக்கு இன்னும் இறுகிடுச்சு. டர்போ, ஆயில் கூலர், டீசல்னா இன்ஜினுக்கே திருப்பி அனுப்புற புகையை ஆத்துற இஜிஆர் கூலர், இதுங்களுக்கும் கூலண்ட் போய் வரணும். அன்னைக்கு மேல ஒரு ஹோஸ், கீழ ஒரு ஹோஸ். இன்னைக்கு பானெட்டைத் திறந்தா இடியாப்பம்.

[காட்சி: பானெட் திறந்திருக்கு. மெக்கானிக்கோட கை உள்ள போகப் பார்த்து, திரும்பி வருது.]

அடுத்தது லேபர் 3,800. தண்டையார்பேட்டையில எனக்கு வேலை பார்த்த அண்ணன் சொன்னது: "தம்பி, மாத்துற வேலை பத்து நிமிஷம். அங்க கை போறதுக்குத்தான் ரெண்டு மணி நேரம்." ஏர் ஃபில்டர் பெட்டி கழட்டணும், பேட்டரி தட்டு கழட்டணும், ஒயரிங்கை ஓரம் கட்டணும். நாம காசு குடுக்குறது பெரும்பாலும் இந்த வழிக்குத்தான்.

ரேடியேட்டர்னா இன்னும் மோசம். பல வண்டியில முன் பம்பர் இறங்கணும். முன்னாடி ஏசி கண்டென்சர் நிக்கும். அதையும் கழட்ட வேண்டி வந்தா கேஸை எடுத்து, திரும்ப நிரப்பணும். அது தனி பில்லு. முன்னாடி போற வண்டியைக் கவனிக்கிற ரேடார் பம்பருக்குள்ள இருக்குற வண்டின்னா, மாட்டின பிறகு அதைச் சரிபார்க்கவும் காசு.

பழைய ரேடியேட்டர் செம்பு, பித்தளை. ஒழுகுனா ஈயம் வச்சுப் பத்த வச்சுட்டு கிளம்பிடலாம். இப்போ அலுமினியக் கோரு, ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க், நடுவுல ரப்பர், ஓரத்தை மடிச்சு அழுத்தி வச்சிருப்பாங்க. பிளாஸ்டிக்ல ஈயம் ஒட்டுமா?

இந்த இடத்துல கூலண்டைச் சுத்த விடுற வாட்டர் பம்ப் பத்தி ஒரு வார்த்தை. சில இன்ஜின்ல பம்ப்பை ஓட்டுறதே டைமிங் பெல்ட்டுதான். பெல்ட் மாத்தும்போது பம்ப்பையும் சேர்த்து மாத்திடுங்க. "பம்ப் நல்லாத்தானே இருக்கு"ன்னு விட்டா, நாளைக்கு அது ஒழுகும்போது அதே லேபரை இன்னொரு தடவை கட்டணும். என் பில்லுல அந்த 850 ரூபா ஹோஸும் இப்படித்தான் வந்துச்சு. ஒழுகல, ஆனா உப்பிப் போயிருந்துச்சு. கழட்டினது கழட்டினதுதான், மாத்திடுங்கன்னு நானேதான் சொன்னேன்.

[காட்சி: பிளாஸ்டிக் குடத்துல அடிபம்பு தண்ணி.]

இப்போ கூலண்ட். வடசென்னைக்காரங்க இதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. சென்னையில என்ன பனியா கொட்டுது, தண்ணி ஊத்தினா போதாதான்னு நிறைய பேர் கேக்குறாங்க. உறையாம இருக்குறதுக்காக இல்ல. பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து, ரேடியேட்டர் மூடியோட அழுத்தமும் சேர்ந்தா, கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிடும். கூடவே துரு பிடிக்காம காக்குற மருந்தும் அதுலதான் இருக்கு. நம்ம திருவொற்றியூர், தண்டையார்பேட்டை போர் தண்ணி எப்படின்னு நம்ம வீட்டுக் குழாயே சொல்லும். கடல் பக்கம், உப்பு. அந்த உப்பு அலுமினியத்தை ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடும். வழியில மாட்டிக்கிட்டு வேற வழியில்லன்னா வண்டி ஆறினப்புறம் கேன் தண்ணி ஊத்துங்க. வீடு வந்ததும் அதை முழுசா வடிச்சிடுங்க.

பச்சை, சிவப்பு, நீலம்லாம் வெறும் சாயம். ஒரே நிறத்துல வேற வேற ரசாயனம் இருக்கும். தப்பா கலந்தா சேறு மாதிரி கட்டிக்கும். மேனுவல்ல போட்டிருக்கிற வகையைப் பார்த்து வாங்குங்க. மின்சாரக் கார்லயும் பேட்டரியை ஆத்த கூலண்ட் ஓடுது. அதுக்குன்னு தனி வகை வரும், கையில கிடைச்சதை ஊத்திடாதீங்க.

ஊத்தினதும் வேலை முடியல, உள்ள இருக்குற காத்தை எடுக்கணும். காத்துக் குமிழி சென்சார் கிட்ட நின்னுச்சுன்னா, இன்ஜின் வேகும், மீட்டர் முள்ளு சாதுவா நிக்கும். மின்சார வாட்டர் பம்ப் வச்ச சில வண்டியில, வண்டி கம்ப்யூட்டரோட பேசுற ஸ்கேனரை மாட்டி, பம்ப்பை ஓட விட்டுத்தான் காத்தை எடுக்கணும். பிஎம்டபிள்யூ 2000-களோட நடுவுலயே இந்த பம்ப்பைக் கொண்டு வந்துடுச்சு.

ஜிஎஸ்டி: 2025 செப்டம்பர் 22-ல இருந்து கார் பார்ட்ஸுக்கு 18 சதவீதம். பில்லுல 28 இருந்தா கேளுங்க.

புதுப்பேட்டையில பழைய பார்ட்ஸ் வாங்கலாமான்னு கேப்பீங்க. ரேடியேட்டர்னா பிரஷர் டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லி வாங்கலாம். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பழசு வேணவே வேணாம்.

ஹீட் லைட் எரிஞ்சா ஏசியை அணைச்சு, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்க. சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் திறந்தா முகம் வெந்துடும். "வீடு ரெண்டு கிலோமீட்டர்தானே"ன்னு ஓட்டினா இன்ஜினோட மேல் பாகமான அலுமினிய ஹெட் வளைஞ்சு, அதுக்கு அடியில இருக்குற கேஸ்கட் போயி, ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பணும். அந்த பில்லுக்கு முன்னாடி இந்த 11,080 சில்லறை.

[காட்சி: உள்ளங்கையில பழைய ஹவுசிங்.]

கழட்டின பழசைக் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். விரிசல் கண்ணுக்குத் தெரியல, நகத்தால தேய்ச்சா தட்டுப்படுது. ஆனா ஓரத்துல இந்த வெளுத்த ரோஸ் கலர்ப் படிவம் தெரியுதுல்ல? கூலண்ட் கசிஞ்சு காஞ்ச தடம். ஒரே நாள்ல இவ்ளோ படியாது. மாசக்கணக்கா பானெட்டுக்குக் கீழதான் இருந்திருக்கு, நான்தான் திறந்து பார்க்கல.