பறவையைத் தங்க வைக்கும் வேலை: இங்கிலாந்தின் ஃபெசன்ட் விரட்டு வேட்டை ஓர் ஆண்டு முழுவதும் எப்படி நடக்கிறது?

[காட்சி: பனி முழுவதும் விலகாத ஒரு பள்ளத்தாக்கு. தூரத்தில் கொம்பொலி.]

வணக்கம். இங்கிலாந்தின் தென்மேற்கில் எக்ஸ்மூர் என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. நவம்பர் மாதத்து ஒரு காலையில், அங்குள்ள பள்ளத்தாக்கு ஒன்றின் அடியில் எட்டுப் பேர் ஏறத்தாழ நாற்பது மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. மேலே முகட்டில், இருபது முப்பது பேர் கழிகளால் புதர்களைத் தட்டிக் கலைத்தபடி மெதுவாக நடந்து வருகிறார்கள். சற்று நேரத்தில், கோழி இனத்தைச் சேர்ந்த, நீண்ட வாலுள்ள ஃபெசன்ட் என்ற பறவையின் சேவல் ஒன்று முகட்டிலிருந்து படபடத்து எழும்பி, கீழே நிற்பவர்களின் தலைக்கு மேல் வெகு உயரத்தில் பள்ளத்தாக்கைக் கடக்கிறது.

இதற்கு விரட்டு வேட்டை என்று பெயர். துப்பாக்கி வைத்திருப்பவர் பறவையைத் தேடிப் போவதில்லை. பறவை அவரை நோக்கி விரட்டப்படுகிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி பெரிதாகத் தோன்றுகிறது. வேலியும் கூண்டும் இல்லாத நிலத்தில், எங்கு வேண்டுமானாலும் பறந்து போகக்கூடிய அந்தச் சேவல், அந்தக் காலையில் அந்த முகட்டில் ஏன் இருந்தது? இந்தக் காணொளி அந்தக் கேள்விக்கான விடை.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்.]

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் இடித்து நிரப்பிய காலத்தில் இந்த வகை வேட்டைக்குப் பெரிய இடம் இருக்கவில்லை. 1850களுக்குப் பிறகு, பின்புறம் மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கிகள் பரவியதும் அடுத்தடுத்துச் சுடுவது எளிதாயிற்று. பறவைகளைக் கூட்டமாக விரட்டிவரும் முறை பெரும் பண்ணைகளில் வேரூன்றியது. குளிர்காலப் பகல் வேட்டைக்குப் போதவில்லை என்பதற்காக, நார்ஃபோக்கிலுள்ள சாண்ட்ரிங்ஹாம் மாளிகையின் கடிகாரங்களை ஏழாம் எட்வர்ட் அரை மணி நேரம் முன்னால் ஓட வைத்திருந்தார். 1936 வரை அந்த வழக்கம் நீடித்தது. 1913 டிசம்பரில் பீக்கன்ஸ்ஃபீல்டு என்ற ஊருக்கு அருகிலுள்ள ஹால் பார்ன் எஸ்டேட்டில், மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கலந்துகொண்ட ஒரே நாள் வேட்டையில் 3,937 ஃபெசன்ட்கள் வீழ்ந்தன. அந்த எண்ணிக்கை மன்னரையே உறுத்தியதாகச் சொல்வார்கள். அந்த உறுத்தல் இன்றும் இந்தத் தொழிலைத் தொடர்கிறது. கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம்.

[காட்சி: பண்ணை. முட்டைத் தட்டுகள்.]

இங்கிலாந்தில் ஃபெசன்ட் வேட்டைக்காலம் அக்டோபர் 1 அன்று தொடங்கிப் பிப்ரவரி 1 அன்று முடிகிறது. கவுதாரிக்கு ஒரு மாதம் முன்னதாகச் செப்டம்பர் 1. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடக்கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளுக்கு வேர் 1831ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம்.

காலம் முடிந்ததும் பண்ணைகளில் பெட்டைகளும் சேவல்களும் சேர்த்து அடைக்கப்படுகின்றன. வசந்தத்தில் முட்டையிடத் தொடங்குகின்றன. இன்குபேட்டரில் ஏறத்தாழ 24 நாளில் குஞ்சு பொரிகிறது. பிறகு சூடேற்றிய புரூடர் கொட்டகை, அதன்பின் வெயிலும் மழையும் பழகுவதற்கு வலையிட்ட திறந்த ஓட்டம். நம் நாட்டுக்கோழிப் பண்ணையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே அச்சுறுத்தும் ரத்தக்கழிச்சல் நோய் இங்கேயும் அதே வயதில்தான் வருகிறது. முட்டைகளிலும் குஞ்சுகளிலும் பெரும்பகுதி பிரான்சிலிருந்து வருவது வழக்கம். 2022இல் பறவைக் காய்ச்சல் பிரெஞ்சுப் பண்ணைகளைத் தாக்கி இறக்குமதி தடைப்பட்டபோது, அந்த ஆண்டுக்கான வேட்டை நாள்களைப் பல இடங்களில் குறைக்கவோ கைவிடவோ வேண்டியதாயிற்று.

இனிமேல்தான் கீப்பரின் வேலை. கேம்கீப்பர் என்பவர் ஒரு நிலத்தின் பறவைகளுக்கு முழுநேரப் பொறுப்பாளர். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், ஏழு வாரக் குஞ்சுகள் பெட்டி பெட்டியாக அவர் கைக்கு வருகின்றன. அவற்றை அவர் நேரே காட்டில் விடுவதில்லை. காட்டுக்குள்ளேயே கட்டிய ஒரு பெரிய பட்டியில் விடுகிறார்.

[காட்சி: பட்டியின் வேலி. அருகிலிருந்து.]

இந்தப் பட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆண்டின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. ஆளுயரக் கம்பி வலை. வலையின் அடிப்பகுதி வெளிப்புறமாக மடிக்கப்பட்டு மண்ணில் கிடக்கிறது. நரி வேலியோரத்தில்தான் தோண்டும், தோண்டினால் அதன் கால் மீண்டும் வலையிலேயே படும். அதற்கு வெளியே மின்வேலி. மேலே கூரை இல்லை. குஞ்சுகளின் ஒரு பக்கச் சிறகில் மட்டும் இறகு நுனிகள் கத்தரிக்கப்பட்டிருக்கும். புது இறகு முளைக்கும்வரை சில வாரங்கள் அவை வேலியைத் தாண்ட முடியாது. பட்டிக்குள் மூன்று வகை இடம் வேண்டும்: இரவில் அடைவதற்குத் தாழ்ந்த கிளைகளுள்ள மரங்கள், ஒளிந்துகொள்ளப் புதர், மழை நனைத்த இறகைக் காயவைக்க வெயில் விழும் வெட்டவெளி. இந்த மூன்றாவதைத்தான் அனுபவமற்றவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆகஸ்டு மழையில் நனைந்து, காய இடமின்றி ஒன்றையொன்று நெருக்கிக் குவியும் குஞ்சுகள் காலையில் செத்துக் கிடக்கும்.

புது இறகு முளைத்ததும் பறவைகள் ஒவ்வொன்றாக வேலியைத் தாண்டி வெளியே போகத் தொடங்குகின்றன. வெளியே போனது மாலையில் திரும்பவேண்டும் அல்லவா? அதற்காக வேலியின் அடியில் புனல் வடிவ வாயில்கள் வைத்திருக்கிறார்கள். பறவை வேலியோரமாக நடந்து வந்தால் தானாகவே அதற்குள் நுழைந்துவிடும். வாயிலின் கம்பி இடைவெளி ஃபெசன்ட்டுக்குப் போதும், நரியின் தலைக்குப் போதாது. அந்திசாயும் நேரத்தில் கீப்பர் பட்டியைச் சுற்றி மெதுவாக நடந்து, வெளியே தவிக்கும் குஞ்சுகளை அந்த வாயில்களை நோக்கித் திருப்பிவிடுகிறார். தீவனம் இடும்போதெல்லாம் ஒரே ராகத்தில் சீழ்க்கை அடிக்கிறார். சில வாரங்களில் அந்தச் சீழ்க்கை கேட்டதும் காட்டின் நாலா பக்கத்திலிருந்தும் பறவைகள் ஓடி வருகின்றன.

சட்டத்தின் பார்வை இங்கே கவனிக்கத் தக்கது. அடைபட்டிருக்கும்வரை ஃபெசன்ட் கால்நடை. காட்டில் விட்ட பிறகு அது காட்டுப் பறவை. உயிரோடு திரியும் அந்தப் பறவையை யாரும் தம் சொத்து என்று சொல்ல முடியாது. அண்டை நிலத்துக்குப் போய்விட்டால் போனதுதான். ஆகவே ஆகஸ்டு முதல் ஜனவரி வரை கீப்பருக்கு இருக்கும் பிடி ஒன்றே ஒன்று: பறவைக்கு அந்த இடம் பிடித்திருக்க வேண்டும். உணவு, மறைவு, சூடு, அமைதி ஆகிய நான்கும் அண்டை நிலத்தைவிட இங்கே நன்றாக இருக்க வேண்டும்.

[காட்சி: மலைச்சரிவில் மக்காச்சோளப் பயிர். இடையே தீவனப் பீப்பாய்கள்.]

அதற்கான ஏற்பாடு வசந்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. சரிவுகளின் மேல் மக்காச்சோளம், சோளம், தினை, கேல் கீரை போன்றவற்றை விதைக்கிறார்கள். இவை அறுவடைக்கல்ல, குளிர்காலம் முழுவதும் நின்று பறவைக்கு மறைவும் தீனியும் தருவதற்கு. பட்டியில் கொடுத்த குச்சித் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கோதுமைக்கு மாற்றுகிறார்கள். வைக்கோல் பரப்பிய நடைபாதையில் கோதுமையைத் தூவினால், பறவை அதைக் கிளறித் தேடியே அரை நாளைக் கழிக்கும். வயிறு நிரம்பி வேலையற்றிருக்கும் ஃபெசன்ட் ஊர் சுற்றப் போய்விடும். செப்டம்பரில் விடியற்காலையிலேயே கீப்பர் நாய்களோடு எல்லையோரங்களைச் சுற்றி, அலைந்து திரியும் பறவைகளை உள்நோக்கித் திருப்பிவிடுவது ஓர் அன்றாட வேலை.

இப்போது பள்ளத்தாக்கில் நின்ற அந்த எட்டுப் பேரிடம் திரும்பலாம். பறவை பிறந்த மண்ணாக நினைப்பது பட்டி இருந்த காட்டை. தீவனமும் மறைவும் அதைக் காலையில் எதிர்முகட்டுப் பயிருக்கு இழுத்து வந்திருக்கின்றன. அங்கே கலைக்கப்பட்டால் அது எங்கே பறக்கும்? தன் காட்டுக்குத்தான். முகட்டுக்கும் காட்டுக்கும் இடையே, கீழே, துப்பாக்கிகள் நிற்கின்றன. விரட்டு வேட்டையின் அடிப்படையே இவ்வளவுதான்: பறவையை வீட்டை நோக்கி விரட்ட வேண்டும். வெளிப்பக்கமாக விரட்ட முயன்றால் அது கலைப்பவர்களின் தலைக்கு மேலேயே திரும்பிப் பறந்துவிடும். ஐந்து மாதம் அந்தப் பறவைக்கு வீடு என்று ஒன்றைக் கற்றுக்கொடுத்த மனிதரே அந்த வீட்டுக்கான வழியில் துப்பாக்கிகளையும் நிறுத்துகிறார். இதை மழுப்பிச் சொல்ல நான் விரும்பவில்லை. இந்தத் தொழிலை ஏற்பவரும் மறுப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் உண்மை இது.

[காட்சி: பயிரின் விளிம்பு. நீண்ட கயிற்றில் படபடக்கும் நாடாக்கள்.]

ஃபெசன்ட் பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். கலைப்பவர்கள் வர வர, பயிருக்குள்ளேயே முன்னோக்கி ஓடி, பயிர் முடியும் விளிம்பில் நூற்றுக்கணக்கில் கூடிவிடும். அங்கே நாடாக்கள் கட்டிய கயிறு ஒன்று குறுக்கே கிடக்கிறது. ஒருவர் அதை இழுத்து ஆட்ட, பறவைகள் ஓடுவதை நிறுத்தி எழும்புகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பினால் எட்டுப் பேரும் சேர்ந்து பதினாறு தோட்டாதான் சுட முடியும். அத்தனை மாத உழைப்பும் ஒரே நிமிடத்தில் வானில் கடந்து போய்விடும். அதனால் தலைமைக் கீப்பர் வரிசை முழுவதையும் அசையாமல் நிற்கச் சொல்கிறார். ஒருவர் மட்டும் கழியால் ஒரு மரத்தை இரண்டு முறை தட்டுகிறார். நான்கு பறவைகள் எழும்புகின்றன. மௌனம். மீண்டும் இரண்டு தட்டு. இந்த இருபது நிமிட நிதானத்தில்தான் ஒரு கீப்பரின் தரம் தெரியும் என்பது என் கருத்து. கீழே, தாழப் பறப்பதைச் சுடாமல் விடுவதும், வரிசையின் குறுக்கே துப்பாக்கியைத் திருப்பாமல் இருப்பதும் மீற முடியாத ஒழுங்குகள். பின்னால், காயம்பட்டு விழுந்ததைத் தேடி எடுக்க, பழக்கிய நாய்களுடன் தனிக் குழு நிற்கிறது. இரண்டாவது கொம்பு ஊதினால் விரட்டு முடிந்தது. ஒரு நாளில் இப்படி நான்கு முதல் ஆறு விரட்டுகள் நடக்கும். ஒவ்வொன்றின் முடிவிலும் துப்பாக்கியாளர்கள் இரண்டு இடம் தள்ளி நிற்பார்கள்.

பணக்கணக்கு எளிது. விற்கப்படும் நாளில் வீழும் ஒவ்வொரு பறவைக்கும் துப்பாக்கியாளர் தரப்பு கட்டும் தொகை இப்போது 40 பவுண்டுக்கு மேல். அதே பறவைக்கு இறைச்சி வியாபாரி தருவது பல ஆண்டுகளில் ஒரு பவுண்டுகூட இல்லை. ஒரு கினி எழும்பியது, ஒன்றரைப் பென்னி வெடித்தது, அரை கிரௌன் விழுந்தது என்று பழைய நாணயங்களை வைத்து அங்கே ஒரு பழமொழியே உண்டு: முதலாவது பறவையை வளர்த்த செலவு, இரண்டாவது தோட்டாவின் விலை, மூன்றாவது இறைச்சியின் விலை. விட்ட பறவைகளில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை வீழ்ந்து கணக்கில் சேர்ந்தாலே நல்ல பருவம் என்பார்கள். மீதி நரிக்கும் வைரிக்கும் நோய்க்கும் சாலை வண்டிகளுக்கும் அண்டை நிலத்துக்கும் போகிறது.

[காட்சி: குளிர்பதன அறையில் இணை இணையாகத் தொங்கும் பறவைகள்.]

அதனால்தான் எண்ணிக்கை என்ற கேள்வி முள்ளாக நிற்கிறது. பிரிட்டனில் ஆண்டுதோறும் விடப்படும் ஃபெசன்ட்கள் மூன்று கோடிக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். பட்டியில் ஹெக்டேருக்கு ஆயிரம் பறவைக்கு மேல் கூடாது, பழங்காடாக இருந்தால் எழுநூறுக்கு மேல் கூடாது என்பது இத்துறையின் ஆய்வு அமைப்பே சொல்லும் அளவு. அதைத் தாண்டினால் எச்சம் மண்ணை மாற்றுகிறது. பழங்காட்டின் தரைச்செடிகள் அழிகின்றன. 2021 முதல் இங்கிலாந்தில் சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளிலும், அவற்றைச் சுற்றி 500 மீட்டருக்குள்ளும் பறவைகளை விடுவதற்கு உரிமக் கட்டுப்பாடு வந்துவிட்டது. நச்சுத்தன்மையுள்ள ஈய ரவைக்கும் இதே கதைதான். ஐந்தாண்டில் கைவிடுவோம் என்று 2020இல் இத்துறையின் ஒன்பது அமைப்புகள் சேர்ந்து அறிவித்தன. ஐந்தாண்டு முடிவிலும் சந்தைக்கு வந்த பறவைகளில் பெரும்பாலும் ஈயமே இருந்தது. 2025இல் அரசே தடையை அறிவித்து, மூன்றாண்டு அவகாசம் கொடுத்தது. தன்னைத் தானே திருத்திக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பை இத்துறை வீணாக்கியது எனக்கு வருத்தம் தருகிறது. பருந்து, வைரி போன்ற இரைதேடும் பறவைகள் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருந்தும் அவற்றைக் கொல்லும் கீப்பர்கள் இன்றும் தண்டிக்கப்படுவது, நேர்மையாக வேலை செய்பவர்கள் அனைவருக்கும் சேர்த்து வைக்கும் கறை.

ஜனவரிக் கடைசியில் சேவல்களை மட்டும் சுடும் நாள்கள் வரும். அடுத்த இனப்பெருக்கத்துக்குப் பெட்டைகள் மிஞ்ச வேண்டும். பருவம் முழுவதும் கழி பிடித்து நடந்தவர்கள் துப்பாக்கி பிடிக்கும் ஒரு நாளும் அப்போது உண்டு. பிப்ரவரி 1க்குப் பிறகு தீவனப் பீப்பாய்களை அப்புறப்படுத்துவது மலிவான வழி. நல்ல கீப்பர் அப்படிச் செய்வதில்லை. பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களில் ஒரு விதைகூட மிஞ்சாத பஞ்ச காலம். அந்தப் பீப்பாய்களுக்கடியில் சிந்திய கோதுமையை நம்பி ஃபெசன்ட்டோடு யெல்லோஹாமர் முதலிய சிறு பறவைகளும் பிழைக்கின்றன.

[காட்சி: மேசைமேல் திறந்த வேட்டைப் பதிவேடு.]

அதே வாரங்களில் நில உரிமையாளரும் கீப்பரும் பதிவேட்டை விரித்து உட்காருகிறார்கள். எந்த விரட்டில் எத்தனை எழும்பின, எத்தனை வீழ்ந்தன, எந்தக் காற்றில் எந்தப் பயிர் சாய்ந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 10,000 பறவை விட்டு 3,500 கிடைத்திருந்தால், அடுத்த ஆண்டு 12,000 விடுவோமா, அல்லது 8,000 விட்டு இன்னொரு சரிவில் பயிர் போட்டு அவற்றைத் தங்க வைப்போமா என்று பேசுகிறார்கள். பண்ணைக்குக் குஞ்சு எண்ணிக்கையைச் சொல்லவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கீப்பர் 8,000 என்று எழுதுகிறார்.