இருபது கேள்விகளும் நம் பிள்ளைகளும்
(மதுரையில் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

மாணவர்களிடம் இணைய அடிமைத்தனம் எவ்வளவு என்று அறிய வினாத்தாள் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலோர் முதலில் கையிலெடுப்பது, அமெரிக்க உளவியலர் கிம்பர்லி யங் 1998இல் வெளியிட்ட 20 கேள்விச் சோதனையைத்தான். கேள்விக்கு 5 வரை, மொத்தம் 100 மதிப்பெண். 80ஐ எட்டினால் கடும் பாதிப்பு என்பது அதன் கணக்கு. எளிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால், வேறு வேலையைத் தொடங்குமுன் மின்னஞ்சலைப் பார்க்கிறாயா என்று அது கேட்கிறது. துணையுடனான நெருக்கத்தைவிட இணையத்தின் கிளர்ச்சி உனக்குப் பெரிதா என்றும் கேட்கிறது. மேலூர்ப் பக்கத்து ஒன்பதாம் வகுப்பு மாணவன் இதற்கு என்ன எழுதுவான்? பொருந்தாது என்று குறித்தால் சுழியம் விழும், மொத்தமும் குறையும், நாமும் நிம்மதியடைவோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அப்பா வேலை முடிந்து வந்த பிறகே கைக்குக் கிடைக்கும் ஒரே கைப்பேசியை அக்காளும் தம்பியும் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில், 'நினைத்ததைவிட அதிக நேரம் இணையத்தில் இருந்துவிடுகிறாயா' என்ற கேள்விக்குக் கிடைக்கும் 'இல்லை', பிள்ளையின் கட்டுப்பாட்டைக் காட்டுவதன்று, அப்பாவின் கட்டுப்பாட்டைக் காட்டுவது. அரையாண்டுத் தேர்வு வாரத்தில் ஒரு விடையும், சித்திரைத் திருவிழாவை ஒட்டிய விடுமுறையில் வேறொரு விடையும் வரும். வகுப்பாசிரியர் தலைமாட்டில் நின்றால் மூன்றாவது விடை வரும்.

மருத்துவ வரையறைகள் இதில் நம்மைவிட நிதானமானவை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் இணைய விளையாட்டுக் கோளாறுக்கு 9 அறிகுறிகளைத் தந்து, 12 மாதங்களுக்குள் அவற்றில் குறைந்தது ஐந்து தென்பட வேண்டும் என்றது; அதையும் மேலாய்வுக்குரியது என்றே வைத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் விளையாட்டுக் கோளாறைத்தான் ஏற்கிறது. பொதுவான இணைய அடிமைத்தனம் அதில் தனி நோயாக இல்லை. இரண்டுமே கைப்பேசியில் கழிந்த மணிக்கணக்கை அளவாக்கவில்லை. கட்டுப்பாடு இழந்ததையும், கேடு தெரிந்தும் தொடர்வதையுமே பார்க்கின்றன.

எண்ணிக்கையில் ஒரு பொறியும் உண்டு. ஓர் உதாரணத்துக்கு, 1,000 மாணவர்களில் 50 பேருக்கு மெய்யாகவே சிக்கல் இருப்பதாகக் கொள்வோம். நல்லதொரு வினாத்தாள் அவர்களில் 40 பேரைக் கண்டுபிடிக்கிறது. சிக்கலில்லாத 950 பேரில் பத்தில் ஒருவரைத் தவறாகச் சுட்டுகிறது. அப்படியானால் பட்டியலில் சேரும் 135 பேரில் 95 பேர் வீணாக முத்திரை குத்தப்பட்டவர்கள். அந்தப் பட்டியலைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, வினாத்தாள் முதல் சல்லடை மட்டுமே. அதில் தங்கிய பிள்ளையிடம் பயிற்சி பெற்ற ஆலோசகர் தனியே பேச வேண்டும். தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு ஆகியவற்றில் எது, எப்போதிலிருந்து கெட்டது என்று கேட்க வேண்டும். மனச்சோர்வோ வீட்டுச் சண்டையோ முன்பே இருந்து, கைப்பேசி அதற்குப் புகலிடமாயிற்றா என்றும் பார்க்க வேண்டும். பெற்றோரிடம் பேசுவது அதற்குப் பிறகு, பிள்ளைக்குத் தெரிவித்துவிட்டு.