முன்னே நிறுத்தப்பட்டவர்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடத்தில் பேட்ஜ் குத்திக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்தும் மாணவத் தலைவரை 'பிரிஃபெக்ட்' என்கிறோம். பிரான்சில் ஒரு மாவட்டத்தில் அரசின் சார்பாக அமர்ந்திருக்கும் அதிகாரிக்கும் இதே பெயர்தான்.

லத்தீனில் இது 'பிரைஃபெக்டுஸ்'. 'பிரை' என்றால் முன்னே. மீதிப் பகுதி, செய்தல், ஆக்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. ஒரு காரியத்துக்குப் பொறுப்பாக முன்னே நிறுத்தப்பட்டவர் என்று பொருள். செயப்பாட்டு வினையில் பிறந்த பதவிப்பெயர் இது. நிறுத்தியவர் ஒருவர் பின்னால் இருக்கிறார் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

1961இல், இன்றைய இஸ்ரேலில் உள்ள செசரியா என்ற கடலோர ஊரில் ரோமானிய அரங்கத்தை இத்தாலிய ஆய்வாளர்கள் தோண்டினார்கள். படிக்கட்டுக்குப் பயன்பட்டிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில் எழுத்துகள் தெரிந்தன. இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த பொந்தியு பிலாத்துவின் பெயர்! தமிழ் பைபிள் அவரைத் 'தேசாதிபதி' என்கிறது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் 'புரோகுரேட்டர்' என்ற வேறொரு ரோமானியப் பதவிப்பெயரை எழுதினார். கல்லிலோ, பதவிப்பெயரின் முன்பாதி உடைந்து போய் 'எக்டுஸ்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை அடுத்து, அவர் ஆண்ட யூதேயா மாகாணத்தின் பெயர். பிலாத்துவின் காலத்திலேயே வெட்டிய எழுத்து அது. அவர் பிரைஃபெக்டுஸ்தான் என்பது அதோடு உறுதியானது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வரிகளின் அடுக்கு. பேரரசர் திபேரியுவின் பெயரைத் தாங்கிய கட்டடத்தின் பெயர் மேல் வரியில். பிலாத்துவின் பெயர் அதற்குக் கீழே.

இந்த அடுக்கை மறந்தவர் ஒருவர் உண்டு. எகிப்தின் முதல் பிரைஃபெக்டுஸ் கொர்னேலியுஸ் கல்லுஸ், நல்ல கவிஞர். தன் வெற்றிகளைத் தானே கல்லில் வெட்டிவைத்துக் கொண்டாடினார். அவரை நியமித்த பேரரசர் அகஸ்டஸ் தன் ஆதரவை விலக்கிக்கொண்டார். அவ்வளவுதான், கல்லுஸ் தற்கொலை செய்துகொண்டார். நிறுத்திய கை விலகினால் பிரைஃபெக்டுஸுக்கு நிற்க இடமே கிடையாது.

அப்புறம், 1800இல் நெப்போலியன் இதே ரோமானியப் பெயரை எடுத்து, மாவட்டத்துக்கு ஒருவராகத் தன் ஆட்களை அமர்த்தினார். மக்கள் தேர்ந்தெடுக்காத அந்த அதிகாரிகள் கையில்தான் மாவட்ட நிர்வாகம் நெடுங்காலம் இருந்தது. 1982இல் வந்த சட்டம்தான் அந்தப் பொறுப்பை வாக்குப் பெற்ற மன்றத் தலைவர்களுக்கு மாற்றிக்கொடுத்தது. பிரிஃபெக்ட் இன்றும் இருக்கிறார், பாரிஸின் பிரதிநிதியாக. வணக்கம்.