மூன்று தடவை ரவை

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். இதோ, மேசையில் ஓர் அட்டைப் பெட்டி. நீளம், அகலம், உயரம் எல்லாம் 10 செ.மீ.; மூடி கிடையாது. பக்கத்தில் ஒரு பிரமிடு. அடி அதே சதுரம், உயரமும் அதே 10. பிரமிடு நிறைய ரவை எடுத்துக் கொட்டினால், எத்தனை தடவையில் பெட்டி நிறையும்?

பிள்ளைகள் பலரும் 'இரண்டு' என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. சதுரத்துக்குள் வரைந்த முக்கோணம் பாதி இடத்தை அடைப்பதைத் தாளில் பார்த்தவர்கள்தானே! உடனே திருத்தாதீர்கள், கொட்ட விடுங்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகும் பெட்டியில் இடம் இருக்கும். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! மூன்றாவது தடவையில் விளிம்பு தட்டும்.

ஒரு எச்சரிக்கை. பக்க முக்கோணங்களை 10 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடாதீர்கள். ஒட்டும்போது அவை சாயும், பிரமிடு 8.7 செ.மீ. அளவுக்குக் குட்டையாகிவிடும், கணக்கு உதைக்கும். 11.2 செ.மீ. வைத்து வெட்டுங்கள்.

சரி, ஏன் மூன்று? முக்கோணம் மேலே போகப்போக அகலத்தில் மட்டும் குறுகுகிறது. பிரமிடு நீளத்திலும் குறுகுகிறது, அகலத்திலும் குறுகுகிறது. பாதி உயரத்தில் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் சதுரம், அடிச் சதுரத்தில் கால் பங்குதான்.

இதைக் கண்ணால் காட்டவும் வழி உண்டு. கனசதுரத்தின் ஒரு முனையை உச்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த முனையைத் தொடாத முகங்கள் மூன்று. ஒவ்வொன்றையும் அடியாக வைத்து, அதே உச்சிக்கு ஒரு பிரமிடு. மூன்றும் அச்சு அசல் ஒரே மாதிரி. சேர்த்து வைத்தால் முழுக் கனசதுரம்! உச்சி ஓரமாக இருக்கிறதே என்று ஒரு பிள்ளை கேட்டால் கொண்டாடுங்கள். சீட்டுக்கட்டைச் சாய்த்து வைத்தால் சீட்டு குறையுமா? அதுபோல, உச்சி ஓரமாகச் சாய்ந்தாலும் பிரமிடின் கொள்ளளவு குறையாது.

எகிப்தில் சுமார் கி.மு. 1850இல் எழுதப்பட்ட, இன்று மாஸ்கோவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் சுருளில் உச்சி வெட்டிய பிரமிடுக்கே கணக்கு இருக்கிறது. அடிச் சதுரத்தின் பக்கம் 4, மேல் சதுரத்தின் பக்கம் 2, உயரம் 6. 4×4 = 16, 4×2 = 8, 2×2 = 4, மூன்றையும் கூட்டி 28, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு 2, பெருக்கினால் 56. விடை சரி. அங்கேயும் அதே மூன்றில் ஒன்று!

அட்டை, கத்தரிக்கோல், பசை எல்லாம் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. ரவையும் இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். வாருங்கள், வெட்டலாம்.