ஏ-வா, ஆன்-ஆ? எழுத்தைப் பார்க்காதீர்கள்

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அதை நிறுத்தினால் என்னால் பேச முடியாது. இன்றைக்குச் சின்ன விஷயம்தான்: ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு முன்னால் 'ஏ' (a) வருமா, 'ஆன்' (an) வருமா என்பது. ஆனால் நான் பல வருடம் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்: 'ஆன் யூனிவர்சிட்டி'.

ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்தில் தொடங்கினால் 'ஆன்' என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தேன், யூனிவர்சிட்டி அந்த 'யூ'வில்தானே தொடங்குகிறது, போடு ஒரு ஆன்! ஆனால் இது எழுத்தைப் பார்த்துப் போடுவதே இல்லை, ஒலியைக் கேட்டுப் போடுவது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், முதலில் வருவது 'ய்' என்ற மெய். அதனால் ஏ யூனிவர்சிட்டி, ஏ யூரோப்பியன், ஏ யூஎஸ்பி கேபிள். அதே 'யூ' எழுத்தில் தொடங்கும் அம்பரெல்லாவில் 'அ' கேட்கிறது, ஆகவே ஆன் அம்பரெல்லா. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' இருக்கிறதே, அதில் ஹெச் எழுத்தோடு சரி, வாயில் வராது, அதனால் ஆன் அவர்.

யோசித்தால் நமக்கு இது புதிதே இல்லை. ஓர் ஊர், ஒரு வீடு என்று எழுதுகிறோமே, அதே வேலைதான். தமிழில் சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்தாலே உயிரா மெய்யா என்று தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது.

சரி, காதை நம்பினால் போதுமா? இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வோம். எம்எல்ஏ என்பதை நம்மில் பலர் 'யெம்மெல்லே' என்போம், எக்ஸ்ரே 'யெக்ஸ்ரே' ஆகிவிடும். அந்த 'ய்' நாம் சேர்த்தது, ஆங்கிலத்தில் கிடையாது. அதனால் ஆன் எம்எல்ஏ, ஆன் எக்ஸ்ரே.

காது ஆங்கிலேயர்களையும் ஏமாற்றியிருக்கிறது, அதைக் கேட்டால் மனசு ஆறும். இன்றைய 'ஏப்ரன்' ஒரு காலத்தில் 'நேப்ரன்' ஆக இருந்தது. 'ஏ நேப்ரன்' என்று வேகமாகச் சொல்லச் சொல்ல அந்த 'ன்' முன்னால் போய் ஒட்டிக்கொண்டு 'ஆன் ஏப்ரன்' ஆகிவிட்டது. 'நியூட்' என்ற சின்னப் பிராணிக்கு நேர் எதிராக நடந்தது, ஆன்-இல் இருந்த 'ன்' அதன் பெயரோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்புறம், எண்ண முடியாததற்கு முன்னால் இரண்டுமே வராது, 'ஆன் அட்வைஸ்' என்று சொல்லாதீர்கள். 'ஷி இஸ் டாக்டர்' என்பதும் தப்பு, தமிழில் 'அவர் டாக்டர்' என்றாலே போதும் என்பதால் நாம் அங்கே 'ஏ'வை விழுங்கிவிடுகிறோம். ஒன்றே ஒன்று மட்டும் கவனம்: 'ஐ ஹேவ் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் சில நண்பர்கள் இருக்கிறார்கள், அந்த 'எ'வை விட்டுவிட்டால் நண்பர்களே அதிகம் இல்லை என்று புலம்புவதாக ஆகிவிடும். நான் ஒரு மெயிலில் அப்படி எழுதிவிட்டு, பதிலுக்கு ஆறுதல் வாங்கியிருக்கிறேன்.